நம் ஏரியும் சேலத்துக் குழாயும்



"ஏரியில தண்ணி இருக்கா சார்?" வெளியூரில் இருப்பவர்கள் போனில் முதலில் கேட்பது இதைத்தான். அதற்குப் பதில் ஒரு வரியில் அடங்காது.

சேலம் நகருக்குக் குடிநீர் தர 1911-ல் கட்டப்பட்டது நம் பனமரத்துப்பட்டி ஏரி. பரப்பு 2,000 ஏக்கருக்கும் மேல். ஜருகுமலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி வந்து சேரும். 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. பிற்பாடு காவிரித் தண்ணீர் குழாயில் சேலம் போய்ச் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் குழாயில் தண்ணீர் வந்ததும் ஏரியையும் வரத்து ஓடைகளையும் நாம் எல்லோருமே மறந்தோம்.

காய்ந்த தரையைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதுவும் 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக விரும்பிக் கொண்டுவந்த மரம்தான். 2017-ல் அதை அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியதாயிற்று. மேலாக வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும்.

கண்டுபிடிப்பதுதான் அறிவியல் என்று வகுப்பில் உங்களுக்குச் சொன்னேன். கண்டுபிடித்ததைப் பேணுவதும் அறிவியல்தான் என்று சொல்லத் தவறிவிட்டேன். அந்த விட்டுப்போன பாடத்தை இன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.