கூவத்தூர் வரை: தமிழக முதல்வர் பதவி கைமாறிய வரலாறு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் தாண்டித் தெற்கே போனால் கூவத்தூர் வரும். 2017இல் அது காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். தமிழகத்தை ஆளப்போவது யார் என்ற கேள்விக்கான விடை, 2017 பிப்ரவரியில் பத்து நாட்கள் இங்குள்ள ஒரு சொகுசு விடுதிக்குள் அடைபட்டுக் கிடந்தது. எந்த வழியில் அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதே இக்கட்டுரையின் தேடல்.

முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 164ஆம் பிரிவு. பதவியில் இருப்பவர் இறந்தால் அடுத்தவர் யார் என்பதற்கு அதில் விடையில்லை. அதைக் கட்சிதான் சொல்ல வேண்டும். 1969 பிப்ரவரி 3இல் அண்ணா மறைந்ததும் நாவலர் நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வரானார். ஒரே வாரத்தில் கலைஞர் பதவியேற்றார். மனக்கசப்பு இருந்தும் கட்சி உடையவில்லை.

1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் இடைக்காலப் பொறுப்பு அதே நெடுஞ்செழியனிடம்தான் வந்தது. ஆனால் கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என இரண்டாகியது. ஜனவரி 7இல் ஜானகி பதவியேற்றார். 28ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பின்போது பேரவைக்குள்ளேயே கைகலப்பு. போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தியது. 30ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது.

பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளுநர்களின் தன்னிச்சைக்குக் கடிவாளம் போட்ட நல்ல தீர்ப்பு. ஆனால் வாக்கெடுப்பு நாள் வரை உறுப்பினர்களை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதை அது தொடவில்லை. இப்படிக் கையில் வைத்திருப்பது புதிதல்ல; 1984இலேயே ஆந்திராவின் என்.டி.ராமராவ் தம் ஆதரவு எம்.எல்.ஏ.க்களைக் கர்நாடகத்துக்குக் கூட்டிச்சென்று தங்கவைத்திருந்தார்.

ஜெயலலிதா மறைவுக்குப் பிந்தைய மாற்றம்தான் மூன்றிலும் வேகமானது. 2016 டிசம்பர் 5 இரவு பதினொன்றரைக்கு அவர் உயிர் பிரிந்தது, விடியுமுன் ஓ.பன்னீர்செல்வம் முதல்வர். அந்த வேகம் ஒன்றையும் தீர்க்கவில்லை என்பது என் கணிப்பு. அ.தி.மு.க.வில் அதிகாரம் பொதுச்செயலாளர் நாற்காலியில் இருந்தது. டிசம்பர் 29ஆம் தேதி பொதுக்குழு அதை ஜெயலலிதாவின் தோழி சசிகலாவுக்குக் கொடுத்தது. ஒரே கட்சியில் இரண்டு தலைமை. பிப்ரவரி 5இல் அவர் சட்டமன்றக் கட்சித் தலைவராகவும் தேர்வானார். பன்னீர்செல்வம் பதவி விலகினார். 7ஆம் தேதி இரவு மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் கண்மூடி அமர்ந்திருந்துவிட்டு எழுந்தவர், தன்னைக் கட்டாயப்படுத்தி விலகவைத்ததாகச் சொன்னார்.

மறுநாள் எம்.எல்.ஏ.க்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு கூவத்தூர் வந்தார்கள். முன்னால் கடற்கரைச் சாலை, பின்னால் கழிமுகம், வாசலில் காவல். ஆட்கொணர்வு மனுக்கள் உயர் நீதிமன்றம் சென்றன. அதிகாரிகள் விடுதிக்கே வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். மதுரை தெற்கு உறுப்பினர் சரவணன் மாறுவேடத்தில் தப்பி வந்ததாகச் சொல்லிப் பன்னீர்செல்வம் பக்கம் சேர்ந்தார். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர் வேடம் மாற்றி வெளியேற நேர்ந்தது என்பதை எப்போது படித்தாலும் மனம் பதறுகிறது.

14ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் சசிகலாவின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் முதல்வராகும் வழி அடைபட்டதால், அன்றே கூவத்தூரில் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வானார்; 16ஆம் தேதி முதல்வரானார்.

உறுப்பினர்களைத் தொகுதிக்கு அனுப்பி மக்களைச் சந்திக்க விடுங்கள், அதன்பின் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று 18ஆம் தேதி பேரவையில் பன்னீர்செல்வம் தரப்பு கேட்டது. சபாநாயகர் தனபால் ஏற்கவில்லை. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்த 122 பேரில் பெரும்பாலோர் அன்று காலை விடுதியிலிருந்து நேரே கோட்டைக்கு வந்தவர்கள்; பத்து நாட்களாகத் தங்கள் தொகுதிப் பக்கம் போகாதவர்கள்.