குழந்தைப் பொறுப்பு வழக்குகள்: பாதுகாப்பு ஆணையும் மேற்பார்வைச் சந்திப்பும், சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: மனைவியை நெருங்கவோ, தொலைபேசியில் அழைக்கவோ கூடாது என ஒரு நீதிமன்றம் கணவருக்குத் தடை விதிக்கிறது. அதே கணவர் தம் மகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்திக்கலாம் என மற்றொரு நீதிமன்றம் அனுமதிக்கிறது. மகளை அழைத்து வந்து ஒப்படைப்பது யார்? எந்த இடத்தில்? தந்தை வரத் தாமதமானால் யாருக்குத் தகவல் சொல்வது? இரண்டு ஆணைகளும் இந்தக் கேள்விகளுக்கு விடை தராவிட்டால், குழந்தை கைமாறும் அந்தச் சில நிமிடங்களே ஆபத்தானவையாகிவிடக்கூடும்.

மணமுறிவு வழக்குகளில் இவ்விரு ஆணைகளும் ஒருசேர நிலுவையில் இருப்பது அரிதன்று. அவை எந்தச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்படுகின்றன, ஒன்று மற்றொன்றை எப்படிப் பாதிக்கிறது, மீறினால் என்ன நேரும் என்பவை குறித்த விளக்கம் வருமாறு.

பாதுகாப்பு ஆணை என்றால் என்ன?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ, வேறொருவரோ மாஜிஸ்திரேட் எனப்படும் நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம். முதல் விசாரணை வழக்கமாக 3 நாள்களுக்குள் தொடங்க வேண்டும் என்றும், மனுவை 60 நாள்களுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

சட்டத்தின் 18-ஆவது பிரிவின்கீழ் பிறப்பிக்கப்படுவதே பாதுகாப்பு ஆணை. வன்முறையில் ஈடுபடுவது, அதற்குத் துணைபோவது, பெண்ணின் பணியிடத்துக்குள் நுழைவது, நேரிலோ எழுத்து மூலமாகவோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ள முயல்வது ஆகியவற்றை இதன்மூலம் தடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால், அதன் பள்ளிக்கும் அது வழக்கமாகச் சென்றுவரும் இடங்களுக்கும் செல்லத் தடை விதிக்கலாம். அவசரம் கருதி, எதிர்த்தரப்பை விசாரிக்கும் முன்பே இடைக்கால ஆணை பிறப்பிக்க 23-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

இச்சட்டத்தின்கீழ் பெண்கள் மட்டுமே நிவாரணம் கோர முடியும். ஆனால், ஆண்கள்மீது மட்டுமே மனு தாக்கல் செய்ய முடியும் என்றிருந்த நிலையை உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் மாற்றியது. குழந்தையின் பாதுகாப்பு குறித்து அஞ்சும் தந்தை, பொறுப்பு வழக்கு நடைபெறும் நீதிமன்றத்திலேயே தடையாணையும் சந்திப்புக்கான நிபந்தனைகளும் கோரலாம்.

குழந்தையைச் சந்திப்பதும் தடைபடுமா?

தாய்க்கு வழங்கப்படும் பாதுகாப்பு ஆணை, தந்தைக்கும் குழந்தைக்கும் இடையேயான தொடர்பைத் தானாகவே முடிவுக்குக் கொண்டுவருவதில்லை. அதற்குத் தனி ஆணை தேவை.

சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதைக் கையாள்கிறது. விசாரணையின் எந்தக் கட்டத்திலும் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பை மனுதாரரிடம் நடுவர் ஒப்படைக்கலாம். எதிர்மனுதாரர் குழந்தையைச் சந்திப்பதற்கான ஏற்பாடுகளையும் தேவைப்பட்டால் அவரே வகுக்கலாம். அதேவேளை, அத்தகைய சந்திப்பு குழந்தையின் நலனுக்குத் தீங்கு விளைவிக்கும் என்று நடுவர் கருதினால், அவர் அனுமதி மறுத்தே ஆகவேண்டும்.

நிரந்தரப் பொறுப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குடும்பநல நீதிமன்றம். பாதுகாவலர்கள் மற்றும் சிறார்கள் சட்டம் (1890), இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் (1956), இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு ஆகியவற்றின்கீழ் இந்த வழக்குகள் தொடுக்கப்படுகின்றன. குடும்ப வன்முறைச் சட்டத்தின் நிவாரணங்களைக் குடும்பநல நீதிமன்றத்திலும் கோரலாம் என 26-ஆவது பிரிவு கூறுகிறது. ஒரே நீதிமன்றம் இரண்டையும் விசாரித்தால், முரண்பட்ட ஆணைகள் பிறப்பிக்கப்படும் வாய்ப்பு குறையும். தனித்தனியே விசாரணை நடந்தால், ஓர் ஆணையின் நகலை மற்ற நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது அவசியம்.

மேற்பார்வையுடன் கூடிய சந்திப்பு

சந்திப்பை முற்றிலும் மறுப்பதற்கும் தடையின்றி அனுமதிப்பதற்கும் இடைப்பட்ட வழி இது. மூன்றாவது நபர் ஒருவரின் முன்னிலையில், குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்கு மட்டும் பெற்றோர் குழந்தையைச் சந்திக்கிறார். வன்முறைக் குற்றச்சாட்டு, போதைப் பழக்கம், குழந்தையைத் தூக்கிச் சென்றுவிடுவார் என்ற அச்சம், நீண்ட காலம் பார்க்காததால் குழந்தைக்கு ஏற்பட்டுள்ள அந்நியம் ஆகிய சூழல்களில் நீதிமன்றங்கள் இதை நாடுகின்றன.

இதற்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நீதிமன்றங்களே வழக்குக்கேற்ப நிபந்தனைகளை வகுக்கின்றன. நீதிமன்ற வளாகத்தில் உள்ள குழந்தைகள் அறை, சமரச மையம், பூங்கா, இரு தரப்பும் ஏற்கும் உறவினர் வீடு ஆகியவை சந்திப்பு இடங்களாகக் குறிக்கப்படுகின்றன. குடும்பநல நீதிமன்ற ஆலோசகரோ உறவினரோ உடனிருக்கலாம். மருத்துவ, சமூகநல வல்லுநர்களின் உதவியைப் பெறவும் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

மதுரையில் தாயுடன் வசிக்கும் சிறு குழந்தையைக் கரூருக்கு அழைத்துச் சென்று தந்தைக்குக் காட்ட வேண்டியிருந்த ஏற்பாட்டை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றியமைத்தது. தந்தை மதுரைக்கு வந்து, பொது இடத்தில், தாய் சற்றுத் தள்ளி இருக்க, குழந்தையைச் சந்திக்கலாம் என அது உத்தரவிட்டது. பெற்றோரின் சந்திப்பு உரிமைக்காகக் குழந்தையின் உடல்நலனையும் நலவாழ்வையும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றங்கள் எதைக் கருத்தில் கொள்கின்றன?

குழந்தையின் நலனே தலையாயது என 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. 5 வயது நிறைவடையாத குழந்தை வழக்கமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவு. விவரம் அறியும் வயதுடைய குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம்.

குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படும்வரை அதைப் பொருட்படுத்தக் கூடாதா என்ற கேள்வி 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. தாய் இறந்தது தொடர்பான குற்றவழக்கை எதிர்கொண்டிருந்த தந்தைக்கும், தாய்வழிப் பாட்டன் பாட்டிக்கும் இடையிலான வழக்கு அது. விசாரணை முடியாவிட்டாலும் அந்த வழக்கு கருத்தில் கொள்ளத்தக்கதே எனக் கூறிய நீதிமன்றம், குழந்தையைப் பாட்டன் பாட்டியிடமே விட்டுவைத்தது.

மறுபுறம், பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பொறுப்பு கிடைக்காத பெற்றோர் நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையுடன் பேச வாய்ப்பிருக்க வேண்டும் என்றும், காணொலி அழைப்பு அதற்கு உதவும் என்றும் அது குறிப்பிட்டது.

ஆணையில் இடம்பெற வேண்டியவை

“சந்திப்புக்கு அனுமதி அளிக்கப்படுகிறது” என்ற ஒற்றை வரி, பாதுகாப்பு ஆணை உள்ள குடும்பத்துக்குப் போதுமானதன்று. கீழ்க்கண்டவற்றைத் தெளிவுபடுத்துமாறு மனுவிலேயே கோரலாம்.

• சந்திப்பின் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம்.

• உடனிருப்பவர் யார். அவர் வராவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன.

• குழந்தையை ஒப்படைப்பவர் யார். பெற்றோர் இருவரும் நேருக்கு நேர் சந்திக்காமல் இருக்க வழி என்ன.

• குழந்தைக்கு உடல்நலம் குன்றினால் யார் வழியாகத் தகவல் தெரிவிப்பது. தவறிய சந்திப்புக்கு ஈடாக வேறு நாள் உண்டா.

• தொடர்புத் தடை இருக்கும்போது, குழந்தையுடனான காணொலி அழைப்பு எந்த எண்ணில், எந்த நேரத்தில்.

• பள்ளிக்குச் செல்ல அனுமதி உண்டா.

• நீதிமன்ற அனுமதியின்றிக் குழந்தையை ஊரைவிட்டோ நாட்டைவிட்டோ அழைத்துச் செல்லத் தடையும், கடவுச்சீட்டை ஒப்படைப்பதும். எல்லை கடந்து கொண்டுசெல்லப்படும் குழந்தைகளை மீட்பதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை என்பதால், இந்நிபந்தனை கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

மீறினால் என்ன தண்டனை?

பாதுகாப்பு ஆணையையோ இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையோ மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். பிடியாணை இன்றியே காவல்துறை கைது செய்யலாம்.

குடும்பநல நீதிமன்றத்தின் சந்திப்பு ஆணையை மீறுவது வேறு வகை. அதை நிறைவேற்றித் தருமாறு அதே நீதிமன்றத்தில் மனு செய்யலாம். வேண்டுமென்றே மீறினால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கும் இடமுண்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

இரு தரப்பும் தவறிழைப்பது இங்குதான். சந்திப்பு ஆணை கையில் இருக்கிறது என்பதற்காகப் பாதுகாப்பு ஆணையைப் புறந்தள்ளி வீட்டு வாசலுக்கு வர எவருக்கும் உரிமை இல்லை. அதேபோல், பாதுகாப்பு ஆணை இருக்கிறது என்பதற்காக நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பைத் தாமாகவே நிறுத்திவிடவும் முடியாது. குழந்தைக்கு ஆபத்து எனத் தோன்றினால், சந்திப்பை நிறுத்திவைக்குமாறு நீதிமன்றத்தை உடனடியாக அணுகுவதே உரிய வழி. நடந்தவற்றைத் தேதியுடன் குறித்துவைப்பதும், மருத்துவச் சான்றுகளைப் பாதுகாப்பதும் அப்போது உதவும்.

ஆணையை மாற்ற முடியுமா?

முடியும். குழந்தைப் பொறுப்பு தொடர்பான ஆணைகள் இறுதியானவை அல்ல என்றும், சூழல் மாறினால் அவையும் மாற்றப்படலாம் என்றும் 1973-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. மேற்பார்வைச் சந்திப்புகள் சிக்கலின்றி நடந்தால் நேரத்தை நீட்டிக்கவும், மேற்பார்வையைத் தளர்த்தவும் கோரலாம். நிலைமை மோசமானால் கட்டுப்படுத்தவும் கோரலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளை மாற்றியமைக்க 25-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அச்சட்டத்தின்கீழான ஆணையை எதிர்த்து 30 நாள்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கூட்டுப் பொறுப்பு, சந்திப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றுக்குத் தெளிவான சட்ட வழிகாட்டுதல்கள் தேவை என இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த தனது 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அவை இன்னும் சட்டமாகவில்லை. ஆகவே, இன்றைய நிலையில் குழந்தைக்கான காப்பு, ஆணையில் எழுதப்படும் சொற்களில்தான் இருக்கிறது.

உதவி பெற

பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் எனச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 கூறுகிறது. இதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம். பெண்கள் உதவி எண் 181. குழந்தைகள் உதவி எண் 1098. அவசர உதவிக்கு 112.