இசைக்கலைஞர்களின் கழுத்து, தோள் இறுக்கமும் உடற்பயிற்சியும்

மேற்கத்திய இசைக்கலைஞர்கள், குறிப்பாக வயலின் வாசிப்பவர்கள், கழுத்திலும் தோளிலும் ஏற்படும் இறுக்கத்தைப் போக்க உடற்பயிற்சியை நாடிய வரலாறு பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹினும் யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரும் 1952-ல் பம்பாயில் சந்தித்தது இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படும் நிகழ்வு.

பின்னணி

வயலினின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. தொல்லை அதைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. மேற்கத்திய முறையில் கருவி இடது காறை எலும்பின் மேல் அமர்கிறது. தாடை மேலிருந்து அதை அழுத்துகிறது. தலை இடப்பக்கம் திரும்பிச் சற்றுச் சாய்கிறது. கருவி நழுவிவிடும் என்ற அச்சத்தில் இடது தோள் தானாக மேலெழுகிறது. நாள்தோறும் பல மணி நேரம் இந்த நிலையிலேயே இருந்தால் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசைகள் தளர மறந்துவிடுகின்றன. ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போர் 1820-ஐ ஒட்டி உருவாக்கிய தாடைத் தாங்கி இடது கைக்கு விடுதலை தந்தது. ஆனால் பிடிக்கும் வேலையைக் கழுத்தின் மேல் ஏற்றியது.

19-ஆம் நூற்றாண்டில் இசைக்கலைஞருக்கு உடற்பயிற்சி என்றால் விரல்களுக்கு வலுவேற்றுவது என்றே பொருள். ஜொஹான் லோஜியர் 1814-ல் காப்புரிமை பெற்ற ‘கைரோபிளாஸ்ட்’ பியானோ மாணவரின் கைகளை ஒரு சட்டத்துக்குள் அடக்கியது. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் விரலுக்கு வலுவேற்றும் கருவியொன்றைப் பயன்படுத்தினார். 1830-களின் தொடக்கத்தில் அவரது வலக்கை விரல் செயலிழந்து, பியானோ கலைஞராகும் கனவு முடிந்தது. கருவிதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இறுக்கத்தைத் தளர்த்துவதும் ஒரு பயிற்சியே என்ற எண்ணம் அக்காலத்தவருக்கு ஏறத்தாழ அந்நியமானது.

அலெக்சாந்தர் முறை

அந்த எண்ணத்தை இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இசைக்கலைஞர் அல்லர். டாஸ்மேனியாவில் 1869-ல் பிறந்த எஃப்.எம். அலெக்சாந்தர் மேடையில் கவிதை ஒப்பிப்பவர். அடிக்கடி குரல் அடைத்துப்போனது. மருத்துவத்தில் நிலையான தீர்வு கிட்டவில்லை. கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே கவனித்தபோது, பேசத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னால் இழுத்துக் குரல்வளையை அழுத்துவதைக் கண்டார். பேச வேண்டும் என்று நினைத்தாலே கழுத்து இறுகியது. அந்தப் பழக்கத்தைத் தடுத்து நிறுத்துவதைச் சுற்றியே அவர் தன் முறையை வகுத்தார். 1904-ல் லண்டன் சென்று 1955-ல் இறக்கும்வரை அதைக் கற்பித்தார். லண்டன் ராயல் இசைக் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களில் இம்முறை பின்னர் பாடமாயிற்று.

மருத்துவத் துறையில், பெர்லின் நரம்பியல் மருத்துவரும் இசை நடத்துநருமான குர்ட் சிங்கர் இசைக்கலைஞர்களின் தொழில்நோய்கள் குறித்து 1926-ல் நூல் வெளியிட்டார். யூதரான அவர் 1944-ல் தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமில் இறந்தார். அவரது துறை மீண்டும் கவனம் பெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

மெனுஹினும் ஐயங்காரும்

1916-ல் நியூயார்க்கில் பிறந்த மெனுஹின் ஏழு வயதிலேயே மேடையேறிய மேதை. எப்படி வாசிக்கிறோம் என்று எண்ணிப் பார்க்காமலே வாசித்தவர். அதுவே பின்னாளில் அவருக்குச் சிக்கலானது. இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டுப் படையினருக்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். போர் முடிந்தபோது உடல் சோர்ந்திருந்தது. வில் பிடித்த கை முன்போல் கட்டுப்படவில்லை. இயல்பாக வந்த ஒன்றை முப்பது வயதுக்கு மேல் அடிப்படையிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

நியூசிலாந்துப் பயணத்தில் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் கிடந்த யோக நூல் அவரை ஈர்த்தது. நேருவின் அழைப்பின்பேரில் 1952-ல் இந்தியா வந்தபோது, இருவரும் தலைகீழாக நின்று காட்டிக்கொண்ட கதை பத்திரிகைகளில் பரவியது. பம்பாயில் ஐயங்கார் அவரைச் சந்தித்தார். மைசூரில் டி. கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று, 1937 முதல் புனேயில் கற்பித்துவந்த ஐயங்கார் அப்போது வெளியுலகம் அறியாதவர். மெனுஹின் ஒதுக்கியது ஐந்து நிமிடம். ஐயங்கார் ஆசனம் எதையும் செய்துகாட்டவில்லை. படுக்கவைத்துச் சவாசனத்தில் தளரச் செய்தார். மெனுஹின் உறங்கிவிட்டார். விழித்தபோது நெடுநாள் கிட்டாத ஓய்வை உணர்ந்தார். சந்திப்பு மணிக்கணக்கில் நீண்டது.

1954-ல் மெனுஹினின் அழைப்பில் ஐயங்கார் சுவிட்சர்லாந்து சென்றார். தன் சிறந்த வயலின் ஆசிரியர் என்று பொறித்த கைக்கடிகாரம் ஒன்றை மெனுஹின் அவருக்குப் பரிசளித்தார். வயலினைத் தொட்டு வாசித்தறியாத ஒருவருக்கு இது விந்தையான பட்டம்தான். ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’ 1966-ல் மெனுஹினின் முன்னுரையுடன் வெளிவந்தது.

யோகம் மெனுஹினை முழுதாகக் குணப்படுத்தியது என்று சொல்வது மிகை. பிற்காலக் கச்சேரிகளில் வில்லோட்டம் சீராக இல்லை என்று விமர்சகர்கள் எழுதினர். அவருடைய உண்மையான பங்களிப்பு கற்பித்தலில் இருந்தது. வயலின் கற்பிக்க அவர் 1971-ல் வெளியிட்ட ஆறு பாடங்கள் கொண்ட நூல், கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய மூச்சு, நீட்டல், அசைவுப் பயிற்சிகளிலிருந்து தொடங்குகிறது. பத்திரிகைகள் விரும்பிய சிரசாசனத்தை, கழுத்து வலி உள்ளவர்கள் பார்த்துச் செய்யக் கூடாது. அது சுமையைக் கழுத்தின் மேலேயே ஏற்றும்.

மருத்துவக் கவனம்

வலியை வெளியே சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம் கலைஞர்களிடம் நீண்டகாலம் இருந்தது. பியானோ கலைஞர்கள் லியோன் ஃபிளைஷரும் கேரி கிராஃப்மனும் தங்கள் வலக்கை செயலிழந்ததை 1980-களின் தொடக்கத்தில் வெளிப்படையாகப் பேசியது அந்த மௌனத்தைக் கலைத்தது. 1988-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,212 இசைக்குழுக் கலைஞர்கள் பங்கேற்றனர். வாசிப்பைக் கடுமையாகப் பாதித்த ஒரு உடல்நலச் சிக்கலாவது தமக்கு இருந்ததாக 76 சதவீதத்தினர் தெரிவித்தனர்.

இன்றைய இயன்முறை மருத்துவம் தளர்த்தலோடு நிற்பதில்லை. தோள்பட்டை எலும்பைக் கீழே நிலைநிறுத்தும் முதுகுத் தசைகளும் கழுத்தின் முன்புறத்து ஆழமான தசைகளும் வலுவாக இருந்தால், மேல்தசைகள் ஓயாமல் இறுகி நிற்கத் தேவையில்லை. ஆகவே வாசிப்புக்கு முன் உடலைச் சூடேற்றுவது, இடையிடையே கருவியைக் கீழே வைப்பது, மெல்ல வலுவேற்றும் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகின்றன. கை மரத்துப்போதல், வலுவிழத்தல் போன்றவை தென்பட்டால் பயிற்சியை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் செல்வதே முறை.

கர்நாடக வயலின்

பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்த வயலின் வேறொரு இருக்கை முறையைப் பெற்றது. கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலது காலின் மேல் ஊன்றி, மறுமுனையை மார்பிலோ தோளருகிலோ சாய்த்துக்கொள்கிறார். தாடையால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. கமகங்களுக்கு இடது கையும் தடையின்றி நகர்கிறது. தோற்சுமை இங்கே குறைந்தாலும், சப்பணமிட்டுக் கச்சேரி முழுவதும் அமர்ந்திருப்பதன் சுமை இடுப்புக்கும் முழங்காலுக்கும் போகிறது.