மோட்டர் புதுசு, வயர் பழசு: எங்கள் கிணற்றடி மின்சாரத்தின் கதை



கிணற்று மோட்டர் எரிந்தால் "கரண்ட் கூடிட்டு" என்று சொல்லிவிடுகிறோம். அனேகமான நேரம் நடப்பது அதற்கு எதிர்மாறு: வோல்ட் குறைந்திருக்கும். ஏன் என்று விளங்க கொஞ்சம் வரலாறு தேவை.

1888 இல் இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் சுழலும் காந்தப்புலத்தால் ஓடும் மோட்டரை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பேஸ் வேண்டும். ஒரே பேஸில் காந்தப்புலம் சுழலாது, முன்னும் பின்னும் துடிக்கும். அதனால் ஒற்றைப் பேஸ் மோட்டர் தானாகப் புறப்படாது. உள்ளே இன்னொரு சுருளும் கப்பாசிற்றரும் வைத்துத்தான் அதைக் கிளப்புகிறார்கள். கப்பாசிற்றர் போனால் மோட்டர் உறுமிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

இலங்கையில் நீர்மின்சாரத்துக்கு 1918 இலேயே திட்டம் முன்வைத்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. லக்சபான 1950 இல்தான் இயங்கியது. மின்சார சபை 1969 நவம்பர் 1 இல் உருவானது. மின்கம்பி ஊர்களுக்கு வந்த காலத்தில் வீட்டுக்குத் தேவைப்பட்டது நாலைந்து பல்புகளும் ஒரு வானொலியும்தான். வயரும் அந்த அளவுக்கே போடப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த எமது மக்கள் ஆலங்குடாவில் ஓலைக் கொட்டில்களில் குப்பி விளக்கோடு வாழ்ந்தார்கள். பிறகு வீடு வந்தது, கரண்ட் வந்தது, கடைசியாக மோட்டரும் வந்தது. பல வீடுகளில் வயர் மட்டும் பல்புக்குப் போட்டதாகவே இருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஆறேழு அம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. கிணறு 50 மீற்றர் தூரத்தில், வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு என்று வையுங்கள். 30 அம்பியருக்கு வயரிலேயே ஏறக்குறைய 36 வோல்ட் போய்விடும். 230 வோல்ட், 194 ஆகிறது. மோட்டரின் கிளம்பும் வலு வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் 71 வீதம்தான் மிஞ்சும். மகரிபு நேரம் லைன் வோல்ட்டே குறைந்திருந்தால் மோட்டர் கிளம்பாமல் சூடாகி எரியும். 4 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் இழப்பு 14 வோல்ட்தான்.

"பக்கத்தில் நுரைச்சோலை இருக்கே" என்று கேட்பீர்கள். அந்த 900 மெகாவோட் நிலையத்தின் மின்சாரம் 220 கிலோவோல்ட் லைனில் தூரத்துக்குப் போகிறது. எங்கள் மோட்டரின் பலத்தைத் தீர்மானிப்பது அந்தக் கோபுரங்கள் அல்ல, வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போகும் கடைசி வயர்.

இதைவிடப் பெரிய ஆபத்து நிறத்தில் இருக்கிறது. பழைய பிரித்தானிய முறையில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். மூன்று பேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம். அங்கே நீலமும் பேஸ்தான். புது மோட்டர் வயரில் மண்ணிறம் பேஸ், நீலம் நியூட்ரல். பழசையும் புதுசையும் மாற்றிப் பூட்டினாலும் மோட்டர் ஓடும், அதுதான் பயங்கரம். சுவிட்சை நிறுத்தினாலும் உள்ளே கரண்ட் நிற்கும்.

எர்த் கம்பி இருக்கிறது என்று நம்பியும் இருக்க முடியாது. எங்கள் மணல் காய்ந்தால் கரண்டை இலகுவில் கடத்தாது. கம்பியின் தடை 50 ஓம் என்றால் நாலரை அம்பியர்தான் ஓடும். 15 அம்பியர் பியூஸ் அசையாது. 30 மில்லிஅம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச்தான் உயிரைக் காக்கும்.

ஆகவே வெங்காயத்துக்கு இறைக்கும் முன் மூன்று வேலை செய்வோம்: கிணற்று வயரின் தடிப்பைப் பார்ப்போம், தேர்ச்சி பெற்ற வயர்மேனைக் கொண்டு, நிறத்தை நம்பாமல், பேஸைச் சோதிப்போம், மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துவோம். அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுவோம். ஈரக் காலோடு கிணற்றடியில் நிற்பது எங்கள் பிள்ளைகள்தான்.