தேநீர்க்கடை (தமிழ்நாடு)

தேநீர்க்கடை என்பது தேநீர், காப்பி போன்ற சூடான பானங்களையும் வடை, பஜ்ஜி முதலிய சிற்றுண்டிகளையும் விற்கும் சிறு கடை ஆகும். பேச்சு வழக்கில் இது டீக்கடை எனப்படுகிறது. தமிழ்நாட்டின் சிற்றூர்கள் முதல் மாநகரங்கள் வரை எல்லா இடங்களிலும் தேநீர்க்கடைகள் உள்ளன. இவை உணவு விற்கும் இடமாக மட்டுமன்றி, செய்தித்தாள் படிக்கும் இடமாகவும், அரசியல் பேசும் இடமாகவும், வேலைக்கு ஆள் தேடும் இடமாகவும் விளங்குகின்றன. அதே வேளையில், சாதி வேறுபாடு வெளிப்படையாகக் கடைப்பிடிக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாகவும் தேநீர்க்கடை இருந்துள்ளது.

வரலாறு

தேநீர் தமிழரின் பழைய பானம் அன்று. அசாமில் விளைந்த தேயிலை 1839ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலில் ஏலம் விடப்பட்டது. நீலகிரியில் 1830களில் தேயிலைச் செடிகள் சோதனை முறையில் நடப்பட்டன. வணிக அளவிலான பயிரிடல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. இலங்கையில் ஜேம்சு டெய்லர் 1867இல் லூல்கந்துரை தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அங்கு காப்பிச் செடிகள் இலைத்துரு நோயால் அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களே. ஆயினும் அவர்கள் பறித்த தேயிலை முதன்மையாக ஏற்றுமதிக்கே சென்றது.

உள்நாட்டு மக்களிடம் தேநீர்ப் பழக்கத்தைப் பரப்பும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நடந்தது. 1903ஆம் ஆண்டின் தேயிலைத் தீர்வைச் சட்டத்தின்படி திரட்டப்பட்ட பணம் விளம்பரத்துக்குப் பயன்பட்டது. குறிப்பாக 1930களில் ஏற்றுமதி குறைந்தபோது, உள்நாட்டுச் சந்தையை விரிவாக்கும் விளம்பரங்கள் தீவிரமடைந்தன. தமிழகத்தில் காப்பி நடுத்தர வகுப்பினரின் பானமாகவும், தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் கருதப்பட்டன. இவ்வேறுபாட்டை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தமது 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார்.

தேநீர் எளியோருக்கும் எட்டியதற்கு ஒரு தொழில்நுட்பமும் காரணமாகும். 1930ஆம் ஆண்டளவில் வில்லியம் மெக்கெர்ச்சர் அசாமில் உருவாக்கிய சி.டி.சி. முறையில் தேயிலை நசுக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, சுருட்டப்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் சிறு மணிகளும் தூளும் விரைவில் சாறு இறங்கும். குறைந்த அளவிலேயே அடர்ந்த நிறம் தரும். ஒரே அளவு தூளில் அதிகக் குவளைகள் கிடைப்பதால் கடைக்காரருக்கு இது ஏற்றது. இன்று இந்தியாவில் உற்பத்தியாகும் தேயிலையில் பெரும்பகுதி இவ்வகையே.

தேநீர் தயாரிக்கும் முறை

பழைய கடைகளின் அடையாளம் பாய்லர் ஆகும். இது செம்பு அல்லது பித்தளையால் ஆன உருளை வடிவக் கலம். நடுவில் கரி இடும் குழாயும், அதைச் சுற்றி நீரும், கீழே ஒரு குழாய்த் திருகும் இருக்கும். கேரளத்திலும் தமிழகத்திலும் சில கடைகளில் பாய்லருக்குள் ஒரு நாணயத்தைப் போட்டு வைப்பதுண்டு. நீர் கொதிக்கும்போது அது எழுப்பும் ஓசை அடையாளமாகப் பயன்பட்டது. தற்போது பெரும்பாலான கடைகளில் எரிவளி அடுப்பே பயன்படுகிறது.

தேநீர் போடுபவர் 'டீ மாஸ்டர்' எனப்படுகிறார். அவர் தேயிலைத் தூளைத் துணிப்பையில் இட்டு, கொதிநீரை ஊற்றிச் சாற்றை இறக்குகிறார். இச்சாறு டிகாசன் எனப்படும். கண்ணாடிக் குவளையில் சர்க்கரை, டிகாசன், சூடான பால் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றி ஆற்றுகிறார். இதனால் சர்க்கரை கரைகிறது, சூடு குடிக்கும் அளவுக்குத் தணிகிறது, மேலே நுரை எழுகிறது. பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களுடன் சேர்வதால் துவர்ப்பும் குறைகிறது.

வாடிக்கையாளர் தம் விருப்பத்தைச் சுருக்கமாகக் கூறுவது வழக்கம். ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி, சர்க்கரை இல்லாமல், பார்சல் என்பன பொதுவான சொற்கள். பால் சேர்க்காத தேநீரும் சுக்குக் காப்பியும் பல கடைகளில் கிடைக்கும்.

பிற்பகல் தேநீர்

தேநீர்க்கடையில் இருமுறை கூட்டம் மிகும். ஒன்று விடியற்காலை, மற்றொன்று மாலை மூன்று மணிக்குப் பிறகு. காலையில் தேநீர் மட்டுமே அருந்திச் செல்வோர் அதிகம். பிற்பகலில் சிற்றுண்டியும் சேர்ந்துகொள்கிறது. மசால் வடை, உளுந்து வடை, வாழைக்காய் பஜ்ஜி, வெங்காயப் பக்கோடா, போண்டா ஆகியவை அந்நேரத்தில்தான் எண்ணெயிலிருந்து எடுக்கப்படும். கண்ணாடிச் சாடிகளில் பிஸ்கட், பன், வர்க்கி முதலியன வைக்கப்பட்டிருக்கும்.

பிரித்தானியரின் பிற்பகல் தேநீர் மேசையில் அமர்ந்து அருந்தும் விருந்தாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. தமிழகத்தின் பிற்பகல் தேநீர் அவ்வாறன்று. இது வேலைக்கு இடையே கிடைக்கும் சிறு ஓய்வு. பெரும்பாலும் நின்றபடியோ, கடை முன் போட்டிருக்கும் பெஞ்சில் அமர்ந்தோ அருந்தப்படுகிறது. மதிய உணவைத் தவறவிடும் கூலித் தொழிலாளருக்கு ஒரு தேநீரும் இரண்டு வடையுமே இரவு வரை தாங்கும் உணவாகிவிடுவதும் உண்டு.

வேங்கிக்கால்

வேங்கிக்கால், திருவண்ணாமலை நகரை ஒட்டி வேலூர் சாலையில் அமைந்துள்ளது. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலையைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டம் உருவானது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் உள்ளது. எனவே இங்குள்ள தேநீர்க்கடைகளுக்கு இருவகை வாடிக்கையாளர் உள்ளனர். முதல் வகையினர் அலுவலர்களும், மனு கொடுக்க வரும் ஊர்ப்புற மக்களும் ஆவர். தமிழ்நாட்டின் ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுவதால் அன்று கூட்டம் மிகுதி. இரண்டாம் வகையினர் அண்ணாமலையார் கோயிலுக்கு வரும் பயணிகள். முழுநிலவு நாளில் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையைச் சுற்றும் கிரிவலமும், கார்த்திகை தீபமும் திருவண்ணாமலைக் கடைகளை இரவு முழுவதும் திறந்திருக்கச் செய்கின்றன. நகரின் மறுபக்கத்தில், இரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலைப் பகுதியில், வெளிநாட்டுப் பயணிகளை எதிர்நோக்கும் சிற்றுண்டியகங்களும் உள்ளன.

சமூக இடம்

எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் இடமாகத் தேநீர்க்கடை இருந்தது. 1942இல் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி எளிய தமிழில் வெளிவந்ததால் தேநீர்க்கடைகளில் பரவலாகப் படிக்கப்பட்டது. வானொலியும் திரைப்பாடலும் பலரை அங்கு அமர வைத்தன. கட்சிப் பிரிவுகளைத் தாண்டிய உரையாடல் நிகழும் இடமாக இது கருதப்பட்டாலும், ஊர்ப்புறக் கடைகளின் பெஞ்சுகளில் பெண்கள் அமர்வது இன்றும் அரிது. பெண்கள் நடத்தும் கடைகளிலும் வாடிக்கையாளருள் ஆண்களே மிகுதி.

இரட்டைக் குவளை முறை

தலித் மக்களுக்குத் தனிக் குவளையும் பிறருக்கு வேறு குவளையும் வைத்திருப்பது இரட்டைக் குவளை முறை எனப்படும். தலித்துகள் பெஞ்சில் அமரக்கூடாது, அருந்திய குவளையைத் தாமே கழுவி வைக்க வேண்டும், சிரட்டையில்தான் தேநீர் பெற வேண்டும் என்பன இதன் பல வடிவங்கள். தம் கூலிப் பணத்தைக் கொடுத்து வாங்கும் ஒரு குவளைத் தேநீரிலும் ஒருவரின் பிறப்பு நினைவூட்டப்பட்டதால், இது தமிழகத் தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களின் முக்கியக் குறியாயிற்று.

இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் தடை விதிப்பதை விலக்கியது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அச்சட்டம் 1976இல் திருத்தப்பட்டுக் குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. பின்னர் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

சட்டம் இருந்தும் இம்முறை முற்றிலும் மறையவில்லை. பெரியாரிய, இடதுசாரி, தலித் அமைப்புகள் கள ஆய்வுகளும் குவளை உடைப்புப் போராட்டங்களும் நடத்தின. சில இடங்களில் தலித்துகளுக்கு மட்டும் பயன்படுத்தியவுடன் எறியும் குவளையைக் கொடுத்து, பிறருக்குக் கண்ணாடிக் குவளை கொடுப்பதாக வழக்கம் உருமாறியது. எல்லோருக்கும் ஒரேவகைக் குவளை தரும் கடைகள் பெருகியதற்கு, சட்டத்தோடு இளைஞர்களின் மறுப்பும், பேருந்து நிலையங்கள், நெடுஞ்சாலைகள் போன்ற முகமறியா இடங்களில் கடைகள் பெருகியதும் காரணங்களாகும்.

சட்டங்களும் மாற்றங்களும்

- தேநீர்க்கடைகளிலும் உணவகங்களிலும் 14 அகவைக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. குவளை கழுவும் சிறுவர் என்பது அதற்கு முன் பரவலான காட்சியாகும்.
- 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. நெகிழி பூசிய காகிதக் குவளையும், தேநீர் கட்டித்தரும் நெகிழிப் பைகளும் இதில் அடங்கும்.
- கொரோனா ஊரடங்கின்போது 2020 மார்ச்சில் மூடப்பட்ட கடைகள், மே மாதத்தில் பார்சல் மட்டும் வழங்கும் நிபந்தனையுடன் திறக்கப்பட்டன.

பிற நாடுகளில்

இலங்கைத் தமிழர் பால் சேர்க்காத தேநீரை பிளேன்டீ என்பர். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அருந்துவதும் உண்டு. மலேசியாவில் தமிழ் முசுலிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் விற்கப்படும் தே தாரிக், இனிப்பூட்டிய கெட்டிப்பாலுடன் ஆற்றப்படும் தேநீராகும். மலாய் மொழியில் இதற்கு 'இழுத்த தேநீர்' என்பது பொருள்.

இவற்றையும் பார்க்கவும்

- தேயிலை
- தீண்டாமை
- மலையகத் தமிழர்
- கிரிவலம்