வல்லூறு துரத்தும் விமானம்

துபாயிலிருந்து அல் ஐன் போகும் நெடுஞ்சாலையை விட்டு விலகி மணலுக்குள் இறங்கினால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் பொழுது புலரும் முன்பே நான்கு சக்கர வண்டிகள் வந்து நிற்பதைப் பார்க்கலாம். வண்டிக்குள் கண்மூடி மாட்டிய வல்லூறுகள் கட்டைகளின் மேல் அமைதியாக உட்கார்ந்திருக்கும். பின்கதவைத் திறந்தால் இறக்கை கழற்றி வைத்த நுரைப்பொருள் விமானம் ஒன்று கிடக்கும். ஒருவர் இறக்கையைப் பொருத்துகிறார், பேட்டரியைச் செருகுகிறார், ரிமோட்டின் குச்சிகளை ஆட்டி, வால் மடல்கள் சொன்னபடி திரும்புகின்றனவா என்று பார்த்துக்கொள்கிறார். விமானத்தின் பின்னால் நீளமாக ஒரு நூல். அதன் நுனியில் இறகுகளைச் சேர்த்துக் கட்டிய இரைப்பொம்மை. அதோடு, மடித்து வைத்த சின்னப் பாராசூட்.

கையால் வீசியதும் விமானம் எழும்பிவிடுகிறது. பயிற்சியாளரின் ஒரு கையில் பறவை இருப்பதால், கண்மூடியின் வாரை ஒரு பக்கம் பல்லாலும் மறுபக்கம் விரல்களாலும் இழுத்துத் தளர்த்துகிறார். வல்லூறு ஒரு நொடி சுற்றிலும் பார்க்கிறது; பொம்மை கண்ணில் பட்டதும் பாய்ந்துவிடுகிறது. இனி வேலை ரிமோட் வைத்திருப்பவருக்கு. பறவை பின்தங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெருங்கினால் சற்றே கூட்ட வேண்டும். பிடிபடுவது போலவும் தெரிய வேண்டும், எளிதில் பிடிபட்டுவிடவும் கூடாது. வல்லூறு பொம்மையைக் கவ்வியதும் நூல் கழன்றுகொள்கிறது, பாராசூட் விரிகிறது, பறவையும் பொம்மையும் மெதுவாகத் தரையிறங்குகின்றன. அங்கே கூலியாகக் கறித்துண்டு காத்திருக்கிறது.

மற்ற நாடுகளில் மாடல் விமானம் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. வளைகுடாவில் அது ஒரு பழைய வழக்கத்துக்குள் நுழைந்து உத்தியோகம் பார்க்கிறது. அந்த உத்தியோகம், இரையாக நடிப்பது.

பாலைவனத்து பெதுவின் மக்களுக்கு வல்லூறு ஆடம்பரப் பொருளாக இருந்ததில்லை. இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் சேக்கர் வல்லூறையும் பெரிக்ரின் வல்லூறையும் பிடிப்பார்கள். சில வாரங்களில் கைக்குப் பழக்குவார்கள். குளிர்காலம் முழுக்க அதை வைத்து ஹுபாரா என்ற பறவையை வேட்டையாடுவார்கள். நம் கானமயிலின் குடும்பத்தைச் சேர்ந்த ஹுபாராதான், பேரீச்சம்பழமும் ஒட்டகப் பாலுமாக ஓடிய சாப்பாட்டில் கிடைத்த நல்ல கறி. வெயில் ஏறத் தொடங்கும் வசந்தத்தில் வல்லூறை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். கோடையில் அதற்குத் தீனி போட வசதி கிடையாது. அடுத்த ஆண்டு வேறொன்று கிடைக்கும்.

எண்ணெய்ப் பணம் வந்த பிறகு இந்தக் கணக்கு தப்பியது. ஒட்டகத்தில் போய் வேட்டையாடியவர்கள் ஜீப்பில் போனார்கள். ஹுபாரா குறைந்துகொண்டே வந்தது. வல்லூறு வளர்ப்பில் தீராத ஈடுபாடு கொண்டிருந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் அதிபர் ஷேக் ஸாயித் 1976-ல் உலக வல்லூறு வளர்ப்பு மாநாட்டை அபுதாபியில் நடத்தினார். 1983-ல் ஐக்கிய அரபு அமீரகம் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. 1999-ல் அபுதாபியில் வல்லூறுகளுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. காட்டில் பிடித்த பறவைகளின் இடத்தைப் பண்ணையில் பொரித்த பறவைகள் பிடித்துக்கொண்டன. யுனெஸ்கோ 2010-ல் வல்லூறு வளர்ப்பை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அதை முன்மொழிந்த நாடுகளில் அமீரகமும் கத்தாரும் சவூதி அரேபியாவும் இருந்தன.

வழக்கம் பிழைத்தது; சொந்த மண்ணில் துரத்த இரைதான் இல்லை. அந்த இடத்தைப் பந்தயம் நிரப்பியது. துபாயின் ஃபஸ்ஸா போட்டியிலும், ரியாதுக்கு வடக்கே மல்ஹமில் நடக்கும் மன்னர் அப்துல்அஜீஸ் விழாவிலும் பந்தய தூரம் 400 மீட்டர். ஒரு முனையில் வல்லூறை விடுவார்கள், மறுமுனையில் உரிமையாளர் இரைப்பொம்மையைச் சுழற்றிக் கூப்பிடுவார். நல்ல பறவை 17 வினாடி அளவில் வந்து சேரும். மணிக்குக் கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர் வேகம். ஒரு வினாடியின் சிறு பகுதியில் காரும் பெரும் பணமும் கைமாறுகின்றன.

இந்த வேகத்துக்குப் பறவையைத் தயார் செய்யக் கையால் சுழற்றும் பொம்மை போதாது. அது வல்லூறை வட்டமடிக்கப் பழக்கும். நேர்கோட்டில் நெடுந்தூரம் ஓட வைக்காது. பண்ணைப் பறவைக்குக் காட்டுப் பறவையின் தசை வலுவும் மூச்சும் பிறவியிலேயே வந்துவிடாது, துரத்தித் துரத்தித்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் ஓட ஏதாவது வேண்டும்.

மாடல் விமானத்துக்கு இது பழகிய வேலை. ரேடியோவில் பறக்கும் விமானத்தைப் பொழுதுபோக்காகச் சாதித்துக் காட்டிய முன்னோடிகள் அமெரிக்காவின் கலமசூ நகரத்து இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட். 1937-ல் அவர்கள் பறக்கவிட்ட ‘கஃப்’ விமானத்துக்கு எட்டடி இறக்கை. இப்போது அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1935-ல், ஆளில்லாமல் ரேடியோவில் பறக்கும் ‘குயின் பீ’ விமானத்தை பிரிட்டன் பறக்கவிட்டிருந்தது. அதன் ஒரே வேலை, பீரங்கிப் படையினர் குறிபார்த்துப் பழக வானத்தில் இலக்காக நிற்பது.

அமெரிக்காவில் இதைத் தொழிலாக்கியவர் ஒரு நடிகர். பிரிட்டனில் பிறந்து ஹாலிவுட்டில் நடித்துக்கொண்டிருந்த ரெஜினால்ட் டென்னி, மாடல் விமானப் பித்து முற்றி அங்கேயே ஒரு கடை போட்டார். அந்தக் கடையிலிருந்து ‘ரேடியோபிளேன்’ நிறுவனம் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் சுட்டுப் பழகுவதற்காக மட்டும் அது சுமார் 15,000 சின்ன விமானங்களைச் செய்து கொடுத்தது. போர்க் காலத்தில் அந்தத் தொழிற்சாலையைப் படமெடுக்க வந்த ராணுவப் புகைப்படக்காரர் அங்கே வேலை செய்த நார்மா ஜீன் என்ற பெண்ணையும் படமெடுத்தார். பிற்பாடு உலகம் அவரை மர்லின் மன்றோ என்று அழைத்தது. நடிகருக்கு மாடல் விமானப் பித்து என்றதும் தமிழ் வாசகர்களுக்கு அஜித் குமார் நினைவுக்கு வருவார். ரிமோட் விமானங்களில் ஊறிய அவரைத்தான் 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு ஆலோசகராக அழைத்துக்கொண்டது.

பீரங்கிக்கு இரையான விமானம் வல்லூறுக்கு இரையாக இன்னும் கொஞ்சம் மாற வேண்டியிருந்தது. பழைய மாடல்களின் எஞ்சின் மெத்தனாலில் ஓடும். காதைக் கிழிக்கும் சத்தம், விமானமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இறக்கை பால்சா மரம். ஒரு முறை மூக்குக் குத்தினால் வாரக்கணக்கில் ஒட்டுவேலை. ரேடியோவிலும் தொல்லை. ஒரே அலைவரிசையில் இருவர் ரிமோட்டை இயக்கினால் இரண்டில் ஒன்று விழும். அதனால் மைதானங்களில் அலைவரிசை எண் எழுதிய துணிக்கிளிப்புகளைப் பலகையில் மாட்டியிருப்பார்கள். தன் எண்ணுக்குரிய கிளிப் கையில் இல்லாதவர் ரிமோட்டைத் தொடக் கூடாது.

2000களில் மூன்று மாற்றங்கள் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் சேர்ந்து எஞ்சினை ஓரங்கட்டின. விழுந்தாலும் பசை போட்டு உடனே எழும் நுரைப்பொருள், பால்சாவுக்கு மாற்றாக வந்தது. தானே காலியான அலைவரிசையைத் தேடிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், துணிக்கிளிப்புக்கு ஓய்வு கொடுத்தது. சத்தம் குறைந்த, மலிவான, பட்டென்று வேகம் மாற்றக்கூடிய விமானம் இப்படித்தான் வல்லூறு வளர்ப்பவர் கைக்கு வந்தது. சுழலும் விசிறி பறவையின் காலை வெட்டிவிடும் என்பதால் இரைப்பொம்மையைப் பின்னால் தள்ளி நூலில் கட்டுகிறார்கள். பறவையை உயரத்துக்கு ஏறப் பழக்க, இதே பொம்மையை ட்ரோனில் தொங்கவிடுவதும் உண்டு.

அடுத்த படி, விமானமே இரையின் உருவம் எடுப்பது. வேல்ஸ் நாட்டில் வல்லூறுகளை ஆராய்ந்தும் வளர்த்தும் வந்த நிக் ஃபாக்ஸின் குழு ‘ரோபாரா’வை உருவாக்கியது. ஹுபாராவின் அளவும் நிறமும் கொண்ட ரிமோட் விமானம் அது. காட்டு ஹுபாராவைத் தொடாமலே துரத்தலின் சுவையை வல்லூறுக்கும் வளர்ப்பவருக்கும் தருவதுதான் நோக்கம்.

வானத்தில் இது நடப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே தரையில் ரிமோட் ஓர் இடத்தைப் பிடித்திருந்தது. ஒட்டகப் பந்தயங்களில் எடை குறைவு என்பதற்காகப் பாகிஸ்தான், வங்கதேசம், சூடான், மவுரித்தேனியா நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்களை முதுகில் ஏற்றினார்கள். சரியாகச் சோறு போடாமல் வைத்திருந்ததும், விழுந்து கை கால் முறிந்ததும், உயிரே போனதும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் வந்தன. 2005-ல் அமீரகம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைத் தடை செய்து, யுனிசெஃப் உதவியோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களைத் திருப்பி அனுப்பியது. கத்தார், சுவிட்சர்லாந்தின் கே-டீம் நிறுவனத்திடம் ரோபோ ஜாக்கியைச் செய்யச் சொல்லியிருந்தது. முதலில் வந்தவை கனமானவை, விலையும் அதிகம். வளைகுடாவின் பட்டறைக்காரர்கள் அதைச் சுருக்கினார்கள்: பேட்டரியில் ஓடும் துளைப்பான் மோட்டார், அதன் முனையில் சாட்டை, ஒட்டகத்தின் காதுக்குக் குரல் கொடுக்க ஒரு வாக்கி டாக்கி. எல்லாம் சேர்ந்து சில கிலோதான். இன்று பந்தயத் தடத்தை ஒட்டி உரிமையாளர்களின் கார்கள் பறக்கின்றன. சாட்டை காரின் இருக்கையிலிருந்தே சுழல்கிறது.

2016-ல் ரிமோட்டின் இரண்டு முகங்களையும் துபாய் பார்த்தது. மார்ச்சில் நடந்த உலக ட்ரோன் பந்தயத்தில் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். 15 வயது பிரிட்டிஷ் சிறுவன் லூக் பேனிஸ்டரின் அணி 2,50,000 டாலரை வென்றது. ஜூனில் அனுமதியில்லாத ட்ரோன் ஒன்றால் துபாய் விமான நிலையத்தின் வான்வெளி 69 நிமிடம் மூடிக் கிடந்தது.

2022 ஜனவரி 17 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் ட்ரோன்களும் ஏவுகணைகளும் அபுதாபியைத் தாக்கின. முசஃபாவின் எண்ணெய்க் கிடங்கில் இரண்டு இந்தியத் தொழிலாளர்களும் ஒரு பாகிஸ்தானியரும் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள், ஜனவரி 22 அன்று, உள்துறை அமைச்சகம் பொழுதுபோக்கு ட்ரோன்களையும் இலகுரக விளையாட்டு விமானங்களையும் பறக்கவிடத் தடை விதித்தது. வார இறுதியில் பறக்கவிட்டுக்கொண்டிருந்த ஆர்வலர்களின் விமானங்கள் பரணுக்குப் போயின. எல்லை தாண்டி வந்து கொல்லும் ட்ரோனும் மைதானத்தில் குட்டிக்கரணம் போடும் நுரை விமானமும் அந்த உத்தரவுக்கு முன் ஒன்றாகிவிட்டன.

2025 ஜனவரி 7 முதல் அந்தத் தடையைப் படிப்படியாகத் தளர்த்துவதாக அமைச்சகம் அறிவித்து, அனுமதி கேட்க நாடு முழுமைக்கும் ஒரே இணையத் தளத்தையும் ஏற்படுத்தியது. பதிவு செய்தவர்களுக்கே வானம். அமீரகத்து வல்லூறுக்கு இந்த நடைமுறை புதிதல்ல: 2002 முதலே அதற்குக் கால்வளைய எண் பதிந்த பாஸ்போர்ட் உண்டு, அதைக் காட்டித்தான் அது விமானம் ஏறி நாடு கடக்கிறது.