கால்வாய் வழியே குடிபெயர்ந்த கடலுயிர்கள்

1869ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17ஆந் திகதி சூயெஸ் கால்வாய் திறந்து வைக்கப்பட்டது. பிரான்சு தேசத்தவரான பேடினந்து டி லெசெப்ஸ் என்பார் பத்தாண்டுகளாக முன்னின்று நடாத்திய பெருவேலை அன்று நிறைவெய்தியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றாமலே ஐரோப்பியக் கப்பல்கள் கீழைத்தேசங்களை அடையலாயின. இவ்வளவும் நேயர் பலரும் அறிந்த வரலாறே. அதே வழியாகக் கடற்பிராணிகள் குடிபெயர்ந்த வரலாறோ அத்துணை அறியப்பட்டதன்று.

செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் பிரித்து நின்ற நிலத்தை மனிதன் வெட்டினான். கால்வாயில் மதகுகள் இல்லை. எனவே இரு கடல் நீரும் கலந்தன. எனினும், இயற்கை இரு காவலரை அங்கே நிறுத்தியிருந்தது. இடைவழியிலுள்ள கசப்பேரிகளின் அடியிற் படிந்திருந்த உப்பு, நீரை மிக்க உவர்ப்பாக்கிற்று. வடவாயிலின் அருகே நைல் நதியின் வெள்ளம் ஆண்டுதோறும் நன்னீரைப் பரப்பிற்று. இவற்றையுங் கடந்து, 1874ஆம் ஆண்டிலேயே ஒரு முத்துச்சிப்பி இனம் அலெக்சாந்திரியாவிற் காணப்பட்டது. அது மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிக்கு நெருங்கிய உறவுடையது.

காலப்போக்கில் கசப்பேரிகளின் உப்புக் கரைந்தது. 1970ஆம் ஆண்டில் அசுவான் உயரணை நிறைவுற்றது. நைலின் வெள்ளம் கடலைச் சேர்வது நின்றது. கால்வாயும் பன்முறை ஆழமாக்கப்பட்டது. காவலர் இருவரும் நீங்கவே, நூற்றுக்கணக்கான இனங்கள் வடக்கே புகுந்தன. இக்குடிபெயர்ச்சியை விஞ்ஞானிகள் லெசெப்சின் பெயராலேயே வழங்குகின்றனர்.

விளைவு யாது? நம்மவர் ஓரா எனும் மீனின் இனத்தவை பாறைகளிலுள்ள பாசியை மேய்ந்து வெறுமையாக்கின. சொறி எனப்படும் இழுதுமீன்கள் திரள்திரளாக வந்து வலைகளையும் மின்னிலையங்களின் நீர்வாயில்களையும் அடைத்தன. 2003ஆம் ஆண்டில் துருக்கிக் கரையிற் காணப்பட்ட பேத்தை மீனோ வலைகளைக் கடித்துக் கிழிக்கின்றது. அதன் நஞ்சு சமைத்தாலும் நீங்காது. துருக்கி அரசாங்கம் அம்மீனின் வாலைக் கொணர்வோருக்குப் பணம் வழங்க நேர்ந்தது. வந்தவை யாவுங் கேடென்பதும் நியாயமன்று. ஓராவும் சில இறால் இனங்களும் அக்கரைச் சந்தைகளில் விலைபோகின்றன. ஆயினும், பரம்பரையாகத் தம் கடலை அறிந்திருந்த மீனவர், அதனைப் புதிதாகக் கற்க வேண்டியவராயினர்.

2015ஆம் ஆண்டில் கால்வாயின் ஒரு பகுதிக்கு இணையாகப் புதிய வழியும் வெட்டப்பட்டது. கரைந்துபோன உவர்த் தடையைச் செயற்கையாக மீண்டும் அமைக்கலாமென விஞ்ஞானிகள் சிலர் யோசனை கூறியுள்ளனர். இயற்கை ஊதியமின்றிச் செய்த காவலை இனி மனிதனே பொருள் செலவிட்டுச் செய்தல் வேண்டும். அக்காவல் அமைந்தாலும், முன்னரே புகுந்த உயிர்கள் திரும்பிச் செல்லப் போவதில்லை.